தலையணையின் கீழே ஒரு மின்கலம்

பழைய மாமல்லபுரம் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் நாவலூரைக் கடந்ததும் சிறுசேரி சிப்காட் வளாகத்தை அடைவர். சிற்றூராக இருந்த இவ்விடத்தில் இன்று பல்லாயிரவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து பணியாற்றுகின்றனர். அவர்களுள் ஒரு சாராருக்கு இரவே பகல். அமெரிக்காவில் பொழுது விடியும் வேளையில் இங்கே அவர்களுக்கு வேலை தொடங்கும். அவர்களுடைய பெற்றோரும் துணைவியரும் பிள்ளைகளும் படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் தொடங்கி வண்டலூர், தாம்பரம் வரை பரந்து வாழ்கின்றனர். இவர்கள் அனைவரையும் இரவும் பகலும் ஒருவரோடொருவர் சேர்த்து வைத்திருப்பது கைப்பேசி. அந்தக் கைப்பேசிக்கு உயிரூட்டுவதோ ஒரு பிஸ்கோத்தினும் மெல்லிய மின்கலம். நம் பிள்ளைகள் அதைப் பேட்டரி என்பர். இம்மாதம் அதைக் குறித்தே நம் குடும்பங்களோடு சிறிது பேச விழைகிறோம்.

எரிவாயு உருளையை எப்படிக் கையாள வேண்டும் என்பது நம் இல்லத்தரசியருக்கு நன்கு தெரியும். படுக்கப் போகுமுன் அடுப்பின் திருகையும் உருளையின் திருகையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே விளக்கை அணைப்பர். மண்ணெண்ணெய் இருந்த காலத்தில் அதைக் குழந்தைகளின் கைக்கெட்டாத மூலையில் வைத்தோம். ஆனால் எரியக்கூடிய திரவத்தைத் தன்னகத்தே கொண்ட இந்தச் சிறு பொருளை மட்டும் மெத்தையின்மேல் வைத்து, மின்கம்பியையும் சொருகி, அதன்மேல் தலை வைத்து உறங்குகிறோம். இது நம் மக்களின் அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதற்கில்லை. நம் பழக்கங்கள் யாவும் வேறு மின்கலங்களிடம் கற்ற பழக்கங்கள் என்பதே உண்மை.

டார்ச் விளக்கிலும் டிரான்சிஸ்டர் வானொலியிலும் போட்ட பேட்டரிக் கட்டைகளை நினைத்துப் பாருங்கள். வானொலியின் குரல் கம்மத் தொடங்கியதும் கட்டைகளைக் கழற்றி மொட்டைமாடி வெயிலில் வரிசையாக அடுக்கி வைப்போம். மாலையில் எடுத்துப் போட்டால் அவை மேலும் இரண்டு நாள் பாடும். அது வெறும் நம்பிக்கையன்று. துத்தநாகமும் கரியும் கொண்ட அக்கட்டைகளுக்குள் சோர்ந்து கிடந்த வேதிவினையை வெயிலின் வெப்பம் சிறிது தூண்டிவிட்டது. எஞ்சியிருந்த கடைசித் துளி மின்சாரமும் அவ்வாறு வெளிவந்தது. சிலர் கட்டையைக் கல்லால் இலேசாகத் தட்டியும் போடுவர்! அதன் பின் 1990களில் நிக்கல் மின்கலங்கள் வந்தன. அவற்றை முற்றும் தீரவிட்டு, பிறகு நிரம்ப ஏற்றவேண்டும் என்றனர். பாதியில் ஏற்றினால் அந்தப் பாதியையே தன் முழு அளவென்று அது பழகிக்கொள்ளும் என்றனர். அக்காலத்து நிக்கல் காட்மியம் கலத்திற்கு அது ஓரளவு பொருந்தும். 'புதிய போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் போடு' என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியது அந்தக் காலத்தின் எச்சமே.

இப்போது நம் கையிலிருப்பதோ லித்தியம் அயனிக் கலம். அதன் குணம் முற்றிலும் வேறு. வெயிலில் காய்வது அதற்கு ஆகாது. முற்றும் தீர்ந்து கிடப்பதும் ஆகாது. நிரம்பி வழியும் நிலையில் நெடுநேரம் இருப்பதும் ஆகாது. கல்லால் தட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இக்கலத்தைச் சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு அடிப்படையமைத்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றோருள் அவரே மூத்தவர். நம் தமிழகத்திலும் இத்துறைக்கு ஒரு தாய்வீடு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கி வருகிறது. லித்தியம் கலங்களும் அங்கு ஆராயப்படும் பொருள்களுள் அடங்கும்.

கலத்தின் உள்ளமைப்பு எளிது. ஒருபுறம் உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தாள், மறுபுறம் கிராஃபைட் பூசிய செப்புத் தாள், இரண்டுக்கும் நடுவே தலைமயிரினும் மெல்லிய நெகிழித் திரை. இம்மூன்றையும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டியோ மடித்தோ, லித்தியம் உப்புக் கரைந்த ஒரு திரவத்தில் ஊறவைத்து உறையிட்டிருக்கிறார்கள். நாம் மின்னேற்றும்போது லித்தியம் திரையைக் கடந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் சென்று குடியேறும். நாம் பேசும்போதும் படம் பார்க்கும்போதும் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்தில் சிறிது வெப்பம் தோன்றுவது இயல்பு. எவ்வளவு விரைவாக ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு வெப்பமும் மிகும். அவ்வெப்பம் வெளியேற வழி இருந்தால் கேடில்லை. வழியை அடைத்தால்தான் தொல்லை. வெப்பம் ஏறஏற உள்ளிருக்கும் திரவம் சிறிது சிறிதாகச் சிதையும். லித்தியத்தில் ஒரு பகுதி பயனற்ற படலமாய்ப் படிந்து போகும். வாயு உண்டாகி உறை உப்பும். ஏறத்தாழ 10 டிகிரி வெப்பம் கூடினால் இத்தகைய சிதைவு இரு மடங்காகும் என்பது வேதியியலார் தோராயமாகக் கொள்ளும் கணக்கு. வெப்பம் 130 டிகிரி அளவுக்கு எட்டினால் நடுத்திரையே உருகும். இரு தாள்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பிறகு அந்தத் தீயை அதுவே வளர்த்துக்கொள்ளும். மின்கம்பியைப் பிடுங்குவதால் அது நிற்பதில்லை.

இத்தகைய முடிவு மிக அரிது. உப்பிப் போவது அவ்வளவு அரிதன்று. நம் அடுக்ககத்தின் மேல்தளத்தில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வாழ்கிறார். கணவரை இழந்தவர், இருதய நோய்க்கு மருந்துண்பவர். ஒரே மகன் சிறுசேரியில் இரவுப்பணி பார்க்கிறார். மகன் நான்காண்டுகள் பயன்படுத்திய கைப்பேசிதான் அம்மையாரின் கைக்கு வந்திருந்தது. தடித்த ரப்பர் உறை ஒன்றும், நடைபாதைக் கடையில் வாங்கிய சார்ஜரும் அதனுடன் இருந்தன. கடந்த கோடையில் ஒருநாள் காலை அதை ஒரு துணியில் ஏந்திக்கொண்டு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

"பாருங்க தம்பி, பூரி மாதிரி உப்பிப் போச்சு" என்றார்.

கைப்பேசியின் முதுகு ஒருபக்கம் வாய் திறந்திருந்தது. உள்ளே வெள்ளித் தகடுபோன்ற மின்கலம் வீங்கித் தெரிந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இரவு முழுவதும் அது தலையணையின் கீழே சார்ஜில் கிடந்தது என்றார். மேல்தளத்துக் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். அடியில் இலவம்பஞ்சு மெத்தை, மேலே தலையணை, நடுவே ரப்பர் உறை. வெப்பம் எவ்வழியே போகும்?

ஏன் தலையணையின் கீழே வைக்கிறீர்கள் என்று கேட்டோம். "அவன் ராத்திரி ரெண்டு மணிக்கு டீ குடிக்க வெளியே வரும்போது ஒரு தடவை கூப்பிடுவான். எனக்குக் காது சரியாக் கேக்காது. தலைமாட்டுல அதிர்ந்தாத்தான் தெரியும். நான் எடுக்கலேன்னா பிள்ளை அங்க பயந்துடுவான் தம்பி. அந்த நேரத்துல சார்ஜ் தீர்ந்து போச்சுன்னா?" என்றார்.

இந்த விடையைக் கேட்ட பின், மெத்தையில் வைக்காதீர்கள் என்று வெறுமனே அறிவுரை கூறிவிட்டு அகல நமக்கு மனம் வரவில்லை. தாய்க்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்று மகனும், மகன் அஞ்சுவானோ என்று தாயும் ஒருவரையொருவர் எண்ணி விழித்திருக்கும் வீட்டில், அந்தக் கம்பி ஒரு பாசக் கயிறாகவே இருந்திருக்கிறது.

மின்கலம் சூடேறும் செய்தி நம் பகுதிக்குப் புதியதன்று. திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களின் பெண்மக்கள் அங்கே சீருடையணிந்து வேலைக்குப் போயினர். மறு ஆண்டு ஆகஸ்டில் அந்நிறுவனமே ஓர் எச்சரிக்கை விடுத்தது. பி.எல்.5சி என்னும் மின்கலத்தில், ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்தளித்த 4 கோடியே 60 இலட்சம் கலங்கள், மின்னேற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்றது. உலகெங்கும் அதுவரை ஏறத்தாழ 100 நிகழ்ச்சிகளே பதிவாகியிருந்தன. எவருக்கும் கடுமையான காயம் இல்லை. ஆயினும் இந்தியாவில் எழுந்த கலக்கம் பெரிது. பலரது சட்டைப்பையிலும் அன்று நோக்கியாவே இருந்தது. மின்கலத்தைக் கழற்றி, அதன் முதுகிலிருந்த 26 இலக்க எண்ணை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, அது மாற்றத்தக்கதுதானா என்று அறிய மக்கள் சேவை மையங்களில் குவிந்தனர். அத்தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டதும், சார்ஜர் செய்யும் சால்காம்ப் என்ற நிறுவனம் பின்னர் அவ்விடத்தை எடுத்துக்கொண்டதும் வேறு கதை.

2016இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 தீப்பற்றிய செய்தி இதனினும் பெரிது. செப்டம்பரில் திரும்பப் பெற்று, மாற்றிக் கொடுத்தவையும் எரியவே, அக்டோபரில் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டனர். உள்ளே தாளின் ஒரு மூலை மடங்கியதும், பற்றவைத்த இடத்தில் ஒரு சிறு பிசிறு நீட்டிக்கொண்டிருந்ததும் காரணம் என்று அடுத்த ஆண்டில் அறிவித்தனர். அத்தனை பெரிய நிறுவனத்தின் சோதனைக்கும் தப்பிய ஒரு பிசிறு, நடைபாதைக் கடையின் பெயரில்லாக் கலத்தில் இராது என்று யார் உறுதி கூற முடியும்?

இனி, எப்போதும் நூறு விழுக்காடு நிரப்பி வைத்திருக்கும் பழக்கத்தைப் பார்ப்போம். இதற்கும் நம் புறநகரில் ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை நாம் மறக்கவில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது; மின்சாரம் பல நாள் இல்லை; கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிரிழந்தன. மேல்தளத்தில் சிக்கியிருந்த பெற்றோர் உயிரோடிருக்கின்றனரா என்பதையும் அறியாமல் வெளியூர்ப் பிள்ளைகள் தவித்தனர். மறு ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. ஒவ்வொரு முறையும், 'அன்று இன்னும் பத்து விழுக்காடு இருந்திருந்தால்' என்ற ஏக்கம் ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சியது. பட்டினி கிடந்தவர் அரிசிப் பானையை நிரப்பி வைப்பதுபோல, அதன் பிறகு நாம் கைப்பேசியை நிரப்பியே வைத்திருக்கிறோம்.

ஆனால் அரிசிப் பானைக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. நிறைந்திருக்கும்போதுதான் இது விரைந்து மூப்படைகிறது. நிரம்பிய கலத்தில் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டையும் அதற்குச் சற்று மேலும் எட்டி, உள்ளே எல்லாம் இறுக்கமாக நிற்கும். மின்கலத் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கைக் கூறுவோம். 40 விழுக்காடு ஏற்றிய கலத்தை 25 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வைத்தால் அதன் கொள்ளளவில் 96 விழுக்காடு மிஞ்சும். முழுதும் ஏற்றி வைத்தால் 80. அதுவே 40 டிகிரி வெப்பமானால், முன்னதற்கு 85. முழுதும் ஏற்றியதற்கு 65 மட்டுமே. நம் சித்திரை, வைகாசி மாதங்களில் 40 டிகிரி என்பது அரிய செய்தியா? 2003 மே மாதத்தில் சென்னை 45 டிகிரியையே கண்டது. வெப்பமும் நிறைவும் சேர்ந்து வரும்போதே கலம் கெடுகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஆகவே புயல் எச்சரிக்கை வந்த நாளில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும் நூறு வரை நிரப்பிக்கொள்ளுங்கள். கையிருப்புப் பெட்டியாகிய பவர்பேங்கையும் நிரப்புங்கள். அதில் தயக்கம் வேண்டா. மற்ற நாட்களில் 20க்குக் கீழே இறங்காமலும் 80ஐ ஒட்டியும் வைத்திருந்தால் போதும். பல கைப்பேசிகளில் 80இல் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடே இருக்கிறது. வீட்டிலுள்ள இளையோரைக் கேட்டால் அமைத்துத் தருவர். இரவு முழுதும் சொருகி வைத்தால் மின்சாரம் அளவின்றி உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது சரியன்று. நிரம்பியதும் நிறுத்தும் காவல் கருவியின் உள்ளேயே உண்டு. நாம் அஞ்சவேண்டியது, நிரம்பிய கலம் ஆறேழு மணி நேரம் மெத்தையில் புழுங்கிக் கிடப்பதையே.

சிறுசேரிச் சாலையில் இன்னொரு காட்சியையும் காண்கிறோம். உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞர்கள் கைப்பேசியை வண்டியின் கைப்பிடியில் பொருத்தி, உச்சி வெயிலில் வழிகாட்டும் வரைபடத்தை ஓடவிட்டு, அதே வேளையில் பவர்பேங்கையும் இணைத்திருக்கின்றனர். மேலே வெயில், உள்ளே வேலை, கீழிருந்து மின்னேற்றம் என மூன்று அடுப்புகள் ஒருசேர எரிகின்றன. கைப்பேசி தானே ஒளியைக் குறைத்து, இறுதியில் அணைந்தும் போகும். அது பழுதன்று, தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. இப்பிள்ளைகளிடம் போய் வெயிலில் பயன்படுத்தாதே என்பது பயனற்ற பேச்சு; அவர்களுடைய அன்றாட வருவாயே அதில் இருக்கிறது. உணவகத்தின் நிழலில் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் மின்னேற்றி, வெயிலில் ஓட்டும்போது கம்பியைக் கழற்றிவிடலாம் என்று மட்டும் கூறலாம். இருசக்கர வண்டியின் இருக்கைப் பெட்டியிலும், வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையிலும் கைப்பேசியை விட்டுச் செல்வது இதனினும் தீது. சூடான கைப்பேசியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் சாமர்த்தியசாலிகளும் உளர். உள்ளே ஈரம் பூத்து வேறு பழுது வரும். உறையைக் கழற்றி மின்விசிறியின் கீழே மொசைக் தரையில் வைத்தாலே போதும்.

சார்ஜர் வாங்குவோர் அதன்மேல் ஐ.எஸ்.ஐ. போன்ற இந்தியத் தர நிறுவனத்தின் குறியும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணும் உண்டா எனப் பார்க்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அவ்வெண்ணை இட்டால் மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும்.

அம்மையாரின் கைப்பேசியை நாம் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். அணைத்துவிட்டு, எதுவும் அழுந்தாதவாறு ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொண்டுபோனோம். கடையிலிருந்த இளைஞர் அதைக் கண்டதும், "ஐயா, மேல மூடிய அழுத்திப் பார்த்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது. உப்பிய கலத்தை அழுத்துவதும், ஊசியால் குத்திக் காற்றை இறக்குவதும், இன்னும் ஒரே ஒருமுறை சார்ஜ் போட்டுப் பார்ப்பதும் தம்மிடம் வருவோர் வழக்கமாகச் செய்பவை என்றார். குத்தினால் உள்ளிருக்கும் தாள்கள் தொட்டுக்கொள்ளும், அக்கணமே புகை.

புதிய கலம் போடும் செலவு புதிய கைப்பேசியின் விலையில் ஒரு சிறு பங்கே. மின்கலம் எண்ணூறு முறை முழுதாக ஏற்றி இறக்கிய பின்னும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைக் காக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் தன் சந்தைக்கு விதி செய்திருக்கிறது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், கழிவான கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருவோர் மீதே சுமத்தியுள்ளன. கலத்தின்மேல் குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டியின் படம் இருப்பதும் அதற்காகவே. குப்பை வண்டியில் நசுங்கினால் இது தீயாகும். அவ்வண்டியோடு செல்பவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே. அந்த இளைஞர் கழற்றிய கலத்தை மணல் நிரப்பிய வாளி ஒன்றில் தனியே வைத்தார்.

இப்போது அம்மையார் மாலை ஆறு மணிக்குக் கைப்பேசியின் உறையைக் கழற்றி, முன்னறைச் சன்னலோரம் தரையில் வைத்து மின்னேற்றுகிறார். எட்டு மணி செய்திக்குள் எடுத்துவிடுகிறார். இரவில் கம்பியில்லாமல் அது தலைமாட்டு முக்காலியில், ஒரு எவர்சில்வர் தட்டின்மேல் இருக்கிறது. தட்டு அவருடைய சொந்த யோசனை. இரண்டு மணிக்கு மகன் அழைக்கும்போது கைப்பேசியோடு தட்டும் சேர்ந்து அதிர, அந்த ஓசை கீழ்த்தளத்தில் நமக்கும் கேட்கிறது.